பீரோ மேல் பிரிக்காமல் இருக்கும் போன்

கேள்வி:

"வணக்கம் மேடம். காசிமேட்டில் இருக்கிறேன், வயது 42. விசைப்படகில் டிரைவர். தங்கலுக்குப் போனால் கரை திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்தால் மூன்று நாள் வீட்டில் இருப்பதே பெரிது. மகனுக்கு 14 வயது, வருகிற ஜூனில் பத்தாவது போகிறான். மகளுக்கு 6. இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15-லிருந்து வீட்டோடுதான் இருக்கிறேன்.

நான் இருக்கும் இடத்தில் மகன் இருப்பதே இல்லை. காலையில் பதினொரு மணி வரை தூக்கம், சாயங்காலம் ஆனால் கேரம் கிளப். ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவனைத் தேடிக்கொண்டு கிளப்புக்கே போனேன். 'நைனா, இந்த போர்டு முடிச்சிட்டு வரேன்' என்றான். கோபத்தில் கூட்டாளிகள் முன்னாடியே கன்னத்தில் அறைந்துவிட்டேன். 'உனக்குச் சோறு போடறதே தண்டம்' என்றும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம்தான் ஓனரிடம் முன்பணம் கேட்டு, இல்லை என்று சொல்லித் திரும்பி வந்திருந்தேன்.

அதிலிருந்து 23 நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தூங்கின பிறகுதான் சாப்பிடுகிறான். சமாதானமாகட்டும் என்று கடன் வாங்கி 14,000 ரூபாய்க்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, பீரோ மேல் அப்படியே கிடக்கிறது. ராத்திரி நான் தூங்கிய பிறகு டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறான் என்று அவன் அம்மா சொல்கிறாள். ஆனால் நேரில் முகம் கொடுப்பதில்லை.

எங்க நைனா என்னைக் கயிற்றால் அடித்துத்தான் வளர்த்தார். நான் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. என்னை மாதிரி கடலில் கிடந்து சாகாமல் இவனாவது நல்லா இருக்கட்டும் என்றுதான் பாடுபடுகிறேன். ஜூன் 15 வந்தால் தொழிலுக்குப் போய்விடுவேன். அதற்குள் அவனைப் பேச வைக்க ஒரு வழி சொல்லுங்கள்."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காசிமேடு

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகளில்தான் என் கண் நின்றது. ஒன்று போன், இன்னொன்று ஃபேன்.

14 வயதுப் பையனுக்குப் புது போன் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அப்பா வேண்டவே வேண்டாம் என்று மனதில் முடிவு கட்டிவிட்ட பிள்ளை போனை எடுத்துக்கொண்டிருப்பான். கொடுத்தவரிடம் பேசாமலே அதில் கேம் ஆடிக்கொண்டிருப்பான். உங்கள் மகன் பெட்டியைத் தொடவில்லை. அன்றைக்குப் பட்ட அவமானத்துக்கு 14,000 ரூபாய் விலை இல்லை என்கிறான். அது திமிர் இல்லை சகோதரரே. நீங்கள் சொன்ன அந்தச் சொல் அவனுக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டிருக்கிறது; ஏனென்றால் சொன்னவர் நீங்கள். அதே பையன் மே மாதப் புழுக்கத்தில் எழுந்து வந்து ஃபேனை உங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறான். அந்த ஒரு திருப்பலில் அவன் உங்களிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். ஆகவே 'அவனைப் பேச வைக்க ஒரு வழி' என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். அவன் பேச்சைத் திரும்ப ஆரம்பிக்க நீங்கள் எந்தக் கதவைத் திறந்து வைக்கலாம் என்று பார்ப்போம்.

முதல் வேலை, மன்னிப்புக் கேட்பது. நீங்கள்தான் கேட்க வேண்டும், அவன் இல்லை.

இதைச் சொன்னதும் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். பதினெட்டு வருடமாகத் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து பெற்றவர்களோடும் பிள்ளைகளோடும் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த இடத்தில் தயங்காத அப்பாவை நான் பார்த்ததில்லை. 'பெத்தவன் போய்ப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டா மரியாதை என்னாவறது?' என்பார்கள். மரியாதை போவது அறையும்போது. கேட்கும்போது அது திரும்பி வருகிறது. கேட்டுவிட்டு வந்த அப்பாக்கள் எத்தனையோ பேர் அடுத்த வாரம் என் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறார்கள். கேட்டதால் மகன் தன்னை ஏறி மிதித்தான் என்று யாரும் வந்து சொன்னதில்லை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். எதிரில் உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசாதீர்கள், அவனுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எங்காவது போகும்போதோ, அவன் வாசலில் செருப்பு மாட்டும்போதோ, இரண்டே வரி: "அன்னிக்கு உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி உன்னை அடிச்சது தப்புடா. சோத்தைப் பத்திச் சொன்னது அதைவிடத் தப்பு." இதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'ஆனா நீயும்...' என்று ஒரு சொல் ஒட்டினாலும் கேட்ட மன்னிப்பு அத்தனையும் வீண். 'சரி நைனா' என்று அவன் சொல்வான் என்று காத்து நிற்கவும் வேண்டாம். அநேகமாக அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லமாட்டான். பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.

சோற்றுப் பேச்சைத் தனியாகக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறை கன்னத்தில் ஒரு நிமிடம் எரியும். 'உனக்குச் சோறு போடறதே தண்டம்' என்ற வார்த்தை ஒவ்வொரு வேளையும் தட்டில் வந்து உட்காரும். நீங்கள் தூங்கின பிறகு அவன் ஏன் சாப்பிடுகிறான் என்று இப்போது புரிகிறதா?

அவமானம் நடந்தது நாலு பேர் முன்னால். அதனால் வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்டதோடு அது தீராது. 14 வயதில் கூட்டாளிகளின் கண்தான் உலகம். அந்தக் கிளப்புக்கு ஒரு சாயங்காலம் சும்மா போங்கள். அவனைக் கூப்பிடப் போனதாக இருக்கக் கூடாது. மற்றப் பையன்களிடம் 'என்னப்பா, எப்படி இருக்கீங்க' என்று சாதாரணமாகப் பேசிவிட்டு, ஒரு போர்டு நின்று பாருங்கள். அறிவுரை இல்லை, மணி பார்ப்பது இல்லை. 'நான் கிளம்பறேன், நீங்க ஆடுங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அன்று எந்த வாசலில் அவன் தலை குனிந்ததோ அதே வாசலில் அது நிமிரும்.

இனி, கொஞ்சம் வலிக்கிற விஷயம். அன்று மத்தியானம் ஓனரிடம் முன்பணம் கேட்டு வெறுங்கையோடு திரும்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களாகவே எழுதியதற்கு உங்களை மதிக்கிறேன், பெரும்பாலானவர்கள் மறைத்துவிடுவார்கள். இரண்டு மாதம் வருமானம் இல்லை. படகு கரையில் கிடக்கிறது, வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. பள்ளிக்கூடம் திறந்தால் செலவு இருக்கிறது. கடலில் எட்டு ஆளை வேலை வாங்கி, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் படகைத் திருப்பத் தெரிந்த மனிதர், கரையில் நாலு பேர் எதிரில் கடன் கேட்டு நின்றால் உள்ளே எப்படிக் கொதித்திருக்கும் என்று என்னால் உணர முடிகிறது. அந்தக் கொதிப்பு ஓனர் மேல் இறங்க முடியாது, திருப்பி அடிக்காத ஒருத்தன் மேல்தான் இறங்கும். 'இந்த போர்டு முடிச்சிட்டு வரேன்' என்பது அறை வாங்குகிற பதில் இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் நீங்கள் 'சீக்கிரம் வாடா' என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். தடைக்காலம் முடிய மிச்சமிருக்கும் மூன்று வாரத்தில் மறுபடி அப்படி ஒரு நாள் வரலாம். வந்தால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். துறைமுகத்திலேயே ஒரு டீ குடித்துவிட்டு, யாராவது கூட்டாளியிடம் புலம்பிவிட்டுப் போங்கள். குடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. அப்படி ஒரு பழக்கம் இருந்தால், குடித்த இரவில் பிள்ளைகளிடம் எந்த விஷயத்தையும் எடுக்காதீர்கள், நல்ல விஷயமாக இருந்தாலும்.

அடித்து வளர்த்ததால் நான் கெட்டுப்போகவில்லை என்கிறீர்கள். நீங்கள் கெட்டுப்போகவில்லை என்பது உண்மைதான். மகனுக்காக இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதும் அப்பா கெட்டுப்போனவர் இல்லை. ஆனால் அது அடியால் வந்ததா, அடியையும் மீறி வந்ததா? உங்கள் நைனாவிடம் உங்கள் கஷ்டத்தை மனம் விட்டு ஒருநாளாவது பேசியிருக்கிறீர்களா? அவர் வீட்டுக்குள் வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள்? 2016-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த 75 ஆய்வுகளை, சுமார் 1,60,000 குழந்தைகள் பற்றிய விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தோலைக் கிழிக்கிற அடி இல்லை, திருத்துவதற்காகக் கையால் போடுகிற சாதாரண அடியைப் பற்றித்தான் பார்த்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன, பெற்றவரோடு உள்ள உறவு மோசமாக இருந்தது. அடியால் பிள்ளை மேம்பட்டதாக எந்தக் கணக்கிலும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிக்கக் கூடாது என்று 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வாத்தியார் கையிலிருந்து நாம் பிடுங்கிப் போட்ட பிரம்பை வீட்டில் நாமே எடுக்கலாமா?

அடித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று நீங்கள் இடிந்துபோக வேண்டாம். எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1970களில் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரு தாய் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லி வைத்தபடி, இரண்டு நிமிடம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதற்கும் அசைவு இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. தாய் மறுபடி சிரித்ததும், கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, திரும்ப அவளிடமே வருகிறது. அவர் கண்ட இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல பாசமான தாயும் குழந்தையும்கூட எந்நேரமும் ஒத்துப்போவதில்லை. பத்தில் மூன்று பங்கு நேரம்தான் இருவரும் ஒரே தாளத்தில் இருக்கிறார்கள். மிச்ச நேரமெல்லாம் தவறுவதும் சரிசெய்வதும்தான். அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. உங்கள் மகன் இந்த 23 நாளாக முறுக்கிக்கொண்டு இருக்கும் கட்டத்தில் இருக்கிறான். அந்தக் குழந்தையைவிட அவனுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது தடைக்காலத்தைப் பற்றி. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-லிருந்து 61 நாள். 2017 என்றால் உங்கள் மகன் ஒன்றாவது சேர்ந்த வருடம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விடுகிற இந்த 61 நாளும் பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வருடத்தில் அப்பா முழுசாகக் கிடைக்கும் காலம் இதுதான். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் வரும் சண்டைகளில் பாதி இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்தே வருகின்றன. ஏன் தெரியுமா? பத்து மாதத்து அப்பா வேலையை இரண்டு மாதத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறீர்கள். மார்க் என்ன, முடி ஏன் இப்படி, எவன்கூட சுத்தறே, ஏன் இன்னும் எழுந்திருக்கலை. நீங்கள் இல்லாதபோது அந்த வீடு அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ரேஷன், ஸ்கூல், ஆஸ்பத்திரி, சீட்டு எல்லாம் உங்கள் மனைவி பார்த்தார். அம்மா, மகன், மகள் மூன்று பேருக்கும் ஒரு ஒழுங்கு ஏற்பட்டிருந்தது. அதற்குள் அதிகாரி மாதிரி நுழைந்து கணக்குக் கேட்டால் யாராக இருந்தாலும் வெளியே போகத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருந்தால் போதும்: வீட்டுக்குள் முதலில் ஆளாக வாருங்கள், அப்பாவின் அதிகாரம் பிறகு வரட்டும்.

தங்கல் முடிந்து வரும் நாட்களுக்கும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாகக் கரை வந்து, மீனை இறக்கி, ஏலம் முடிந்து, உடம்பெல்லாம் டீசலும் உப்புமாக வீட்டுக்கு வருகிறீர்கள். அப்போது உங்களுக்கு வேண்டியது குளியலும் தூக்கமும். அதற்கு முன் ஒரு நிமிடம், மகன் படுத்திருக்கும் இடத்துக்குப் போய்த் தலையைத் தடவிவிட்டு 'வந்துட்டேன்டா' என்று சொல்லுங்கள். தூக்கத்தில் முனகினால்கூடப் போதும். முதல் நாள் முழுக்க எந்தக் கேள்வியும் வேண்டாம். புகார்கள் மறுநாள் வரை கெட்டுப்போகாது.

இந்தப் பத்தியைச் சகோதரியிடம் காட்டுங்கள். அம்மா, நீங்கள் தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுவது எனக்குத் தெரியும். 'நைனா வரட்டும், சொல்றேன் இரு' என்று நாளுக்கு நாலு தடவையாவது வாயில் வந்திருக்கும். வடசென்னையில் அதைச் சொல்லாத வீடு இல்லை. ஆனால் கடலில் இருக்கும் மனிதரைப் பத்து நாளும் பூச்சாண்டியாகக் காட்டிவிட்டு, பதினோராம் நாள் அவர் வந்ததும் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி நடக்கும்? தண்டிக்க வேண்டியது இருந்தால் அன்றைக்கே, அடிக்காமல், நீங்களே சின்னதாக முடித்துவிடுங்கள். சேர்த்து வைத்து அவர் தலையில் கட்ட வேண்டாம். அவர் வரும் முன் பிள்ளைகளிடம் அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது பேசுங்கள். ஃபேன் விஷயத்தை அவரிடம் சொன்னீர்களே, அதே மாதிரி.

சரி, மன்னிப்புக் கேட்டாயிற்று, கிளப்பிலும் தலை காட்டியாயிற்று. பிறகு என்ன பேசுவது? பேசாதீர்கள், கூட இருங்கள். ஆண்பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசுவதைவிடத் தோளோடு தோளாகப் பக்கத்தில் இருந்தால் பேசுவார்கள். கையில் ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

என் அறையில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். மணலிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் 13 வயது மகனும் வந்தார்கள். அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுகத்துக்குள் போக வண்டிகளோடு வண்டியாக வரிசையில் நின்றே ராத்திரி போய்விடும், வீட்டில் இருப்பதே அபூர்வம். இரண்டு முறை வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அப்பா அவனைப் பற்றிய புகாரை என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு போர்டு வாங்கி வந்து நடுவில் வைத்து, பவுடர் தூவிவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அப்பாவுக்கு ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. மூன்று தடவை அடித்தார், மூன்று தடவையும் ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டுக்குள் போனது. பையன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு நிமிராமலே கையை நீட்டி, அப்பாவின் ஆள்காட்டி விரலை இரண்டு விரலால் பிடித்து மடக்கி, "இப்படி வெச்சு அடி நைனா, தள்ளக் கூடாது, தட்டணும்" என்றான். அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார், விரலை எடுக்கவே இல்லை. எத்தனை மாதம் கழித்து மகன் தொட்டானோ. "எங்கடா கத்துக்கினே?" என்று கேட்டார். அரை மணி நேரம் பையன் நிறுத்தவில்லை. எங்கே ஆடுகிறான், யார் நன்றாக ஆடுவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காததற்கு என்ன காரணம், எல்லாம் வந்தது. நான் ஆறு மாதம் கேட்டிருந்தாலும் வந்திருக்காது. மறுவாரமே நான் சொந்தமாக ஒரு போர்டு வாங்கிவிட்டேன்.

அதனால் உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி படிப்பைப் பற்றி இல்லை. 'எனக்கும் கத்துக் குடுடா' என்பதுதான். பிள்ளையிடம் மாணவனாக உட்கார்ந்து பாருங்கள். அவன் முகமே மாறும்.

கேரம் உருப்படாதவர்கள் ஆட்டம் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, உங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுபவர், மகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. இதைப் படித்துவிட்டு நாளைக்கே மகனைச் சாம்பியன் ஆக்கக் கிளம்பிவிடாதீர்கள், அது இன்னொரு பாரமாகிவிடும். அந்த மகளுக்குப் பிடித்த விஷயத்தை அந்த அப்பா பொருட்படுத்தினார். அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நேரக் கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். பாசமாக இருப்பது என்றால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது இல்லை. உறவு கொஞ்சம் சரியானதும், மூன்று பேரும் உட்கார்ந்து, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று அவனையும் கேட்டு முடிவு செய்யுங்கள். அவன் ஒன்பதரை என்பான், நீங்கள் எட்டரை என்பீர்கள், ஒன்பதில் நிற்கும். தானும் சேர்ந்து போட்ட விதியை மீற அவனுக்கே கூச்சமாக இருக்கும். காலைத் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகும். ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் விழிப்பு வராது. முழுக்கச் சோம்பேறித்தனம் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் பத்து நாளில் தினமும் அரை மணி நேரம் முன்னால் எழுப்பிப் பழக்கினால் சரியாகிவிடும்.

'என்னை மாதிரி கடலில் கிடந்து சாகாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தை மகன் எத்தனை தடவை கேட்டிருப்பான்? நீங்கள் படிப்பின் அருமையைச் சொல்வதாக நினைக்கிறீர்கள். அவன் காதில் விழுவது, 'என் நைனா கேவலமான வேலை செய்றாரு' என்பது. தன் அப்பாவை நினைத்துத் தலை குனியும் பிள்ளை எதை நினைத்துத் தலை நிமிரும்? அவன் கடலுக்கு வர வேண்டாம், நன்றாகப் படிக்கட்டும், அது நல்ல ஆசை. ஆனால் உங்கள் தொழிலைத் தாழ்த்தாமல் அதைச் சொல்லலாம். இருட்டில் கரை எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், வலை கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறீர்கள், எப்போது பயந்தீர்கள் என்று சொல்லுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஆம் தேதி உங்களுக்கு இருபது வயதிருக்கும். அன்று காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், யாரைத் தேடி ஓடினீர்கள் என்று அவனுக்குத் தெரியுமா? அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்திருப்பான். அவன் அப்பாவுக்கு நடந்தது என்று படித்திருக்கமாட்டான். படகுக்கு வர்ணம் பூசும் வேலை, வலையைச் சீர்செய்யும் வேலை இன்னும் மிச்சம் இருந்தால் ஒரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள், வேலை வாங்குவதற்காக இல்லாமல், கூட இருப்பதற்காக. வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேட்கலாம்.

மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அங்கே சிக்கல் இல்லை என்றுதான் அர்த்தம். சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி: தினமும் ஐந்தே நிமிடம் அவளோடு தரையில் உட்காருங்கள். ஷீலா ஐபெர்க் என்ற உளவியல் அறிஞர் சின்னக் குழந்தைகளுக்காக உருவாக்கிய சிகிச்சை முறையில் வீட்டுப் பாடமே இந்த ஐந்து நிமிடம்தான். அவள் சொப்பு வைத்து விளையாடினால் நீங்களும் சொப்பு. உத்தரவு போடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அவள் செய்வதைப் பார்த்து 'ஓ, இட்லி வேகுதா' என்று சொன்னால் போதும். ஐந்து நிமிடம் கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த போன் விஷயம். இப்போதைக்கு அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்றால் கொடுத்துவிட்டுக் கடனை அடையுங்கள். அதற்கு முன் மகனிடம், கோபமில்லாமல், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் எடுத்தால் அதுவும் ஒரு தண்டனையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் மட்டும் பேசாமல், அம்மா, தங்கை, கூட்டாளிகளோடு சகஜமாக இருக்கிறான் என்றால் இது கோபம். எல்லோரையும் விட்டு ஒதுங்குகிறான், கேரமும் வேண்டாம் என்கிறான், சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இல்லாம போனா நல்லா இருக்கும்' என்கிற மாதிரி பேசுகிறான், அல்லது மாத்திரை, கஞ்சா என்று ஏதாவது சந்தேகம் வருகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். மகனுக்கே யாரிடமாவது பேச வேண்டும் என்று இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி வையுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குத் தோன்றவில்லை. தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதைப் படிக்கும்போது தடைக்காலம் முடிய மூன்று வாரம் போல இருக்கும். அதற்குள் அவன் பழையபடி கலகலவென்று பேசிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். 'சாப்டியா' என்று நீங்கள் கேட்டதற்கு 'ம்' என்று ஒரு சத்தம் வந்தால் அதை இந்த வருடத்து நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 14 ராத்திரி, ஐஸும் டீசலும் ஏற்றிப் படகுகள் கிளம்பத் தயாராகும்போது, துறைமுகம் வரை கூட வருகிறாயா என்று கேளுங்கள். வந்தால் சந்தோஷம். வராவிட்டால், போவதற்கு முன் அவன் இருக்கும் இடத்துக்குப் போய், 'போய்ட்டு வரேன்டா, பன்னெண்டு நாள் ஆகும்' என்று நாளைச் சொல்லிவிட்டுப் போங்கள். கரை நெருங்கி முதல் டவர் கிடைத்ததும் ஓனருக்குக் கூப்பிடும் முன் அவனுக்குக் கூப்பிடுங்கள். அம்மா போனுக்குத்தான் அடிக்க வேண்டியிருக்கும், 'அவன்கிட்ட குடு' என்று சொல்லுங்கள். மார்க், டியூஷன் எதுவும் வேண்டாம். நேற்று கிளப்பில் ரெட் காய் யாருக்கு விழுந்தது என்று கேளுங்கள்.